முதல்ல குனியணுமா, முதல்ல ஓடணுமா? – ஒரு பி.டி. பீரியட் வரலாறு

பி.டி. பீரியட் எப்படித் தொடங்கும்? பாளையங்கோட்டையில படிச்சவங்களும் சரி, கும்மிடிப்பூண்டியில படிச்சவங்களும் சரி, ஒரே மாதிரிதான் சொல்வீங்க. விசில். ஓடி வந்து வரிசை. முன்னால நிக்கிறவன் தோள்ல கை வெச்சு இடைவெளி. அப்புறம் "ஒன், டூ, த்ரீ, ஃபோர்". கை மேலே, கை பக்கவாட்டில், குனிஞ்சு கால் விரலைத் தொடு, முட்டி மடங்கக் கூடாது, அப்படியே நில்லு. இது எல்லாம் முடிஞ்ச பிறகுதான் பந்து வெளியே வரும். பல நாள் பந்து வெளியே வர்றதுக்குள்ள பெல் அடிச்சுரும்.

இதுல எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். உடம்பை நீட்டி வளைக்கிற இந்த ஸ்ட்ரெச்சிங்கை ஏன் முதல்ல வெச்சாங்க? காலைல இருந்து பெஞ்சுல உட்கார்ந்து விறைச்சுப்போன காலை, வந்ததும் வராததுமா இழுத்துப் பிடிக்கிறது சரியா? கடைசியில செஞ்சா ஆகாதா?

நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். எங்க தொழில்ல பழைய கோடுல ஒரு வரி ஏன் அந்த இடத்துல இருக்குன்னு கேட்டு, "அது எப்பவுமே அங்கதான் பாஸ் இருக்கு"ன்னு பதில் வந்தா, உடனே அதோட வரலாற்றைத் தோண்ட ஆரம்பிச்சுருவோம். யார் போட்டது, எப்போ போட்டது, எதுக்குப் போட்டது? பாதி நேரம், போட்ட காரணம் போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும், வரி மட்டும் இருக்கும். பி.டி. பீரியடையும் அப்படித் தோண்டிப் பார்த்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துட்டு வந்துருங்க மக்களே :-)

எங்க ஊர்ப் பெரியவங்க இன்னைக்கும் பி.டி.ன்னு சொல்ல மாட்டாங்க. "டிரில் பீரியட்", "டிரில் வாத்தியார்"தான். அந்த ஒத்த வார்த்தையில பாதி வரலாறு இருக்கு. டிரில்ங்கிறது பட்டாளத்து வார்த்தை. இங்கிலாந்துல 19ஆம் நூற்றாண்டுல ஏழைப் பிள்ளைகள் படிச்ச பள்ளிக்கூடங்கள்ல உடற்பயிற்சின்னா வரிசையா நிக்கிறது, திரும்புறது, நடக்கிறது. போயர் போருக்கு (1899–1902) ஆள் எடுத்தப்போ வந்த இளைஞர்கள்ல நிறைய பேர் உடம்பு சரியில்லாம நிராகரிக்கப்பட்டாங்க. அரசாங்கம் பதறிப்போய் 1902ல் ராணுவப் பயிற்சியை அப்படியே சுருக்கி ஒரு 'மாதிரிப் பாடத்திட்டம்' போட்டுச்சு. "பத்து வயசுப் பிள்ளை என்ன சிப்பாயா?"ன்னு நாலா பக்கமும் எதிர்ப்பு. 1904ல் அதை விட்டுட்டு வேற பாடத்திட்டம் கொண்டு வந்தாங்க. 1909ல் அதையும் திருத்தினப்போ முழுசா ஸ்வீடன் பக்கம் சாய்ஞ்சாங்க.

ஏன் ஸ்வீடன்? அங்கே பேர் ஹென்ரிக் லிங்னு ஒருத்தர் (1776–1839). கத்திச்சண்டை வாத்தியார், கவிஞர். 1813ல் ஸ்டாக்ஹோம்ல அரசு உதவியோட ஒரு உடற்பயிற்சிக் கல்விக்கூடம் தொடங்கினார். அவருக்குப் பிறகு அவர் மகன் யால்மார் லிங் அப்பாவோட முறையை அட்டவணை போட்டு ஒழுங்குபடுத்தினார். 'அன்றைய வரிசை'ன்னு ஒரு பட்டியல்: முதல்ல சின்னச் சின்னத் தொடக்க அசைவுகள், அடுத்து முதுகைப் பின்னால வில்லு மாதிரி வளைக்கிறது, தொங்குறது, சமநிலை, வயிறு, பக்கவாட்டு, தாண்டுறது, கடைசியில மூச்சுப் பயிற்சி. ஒவ்வொண்ணும் வாத்தியார் சொல்ற உத்தரவுக்கு, எல்லாரும் ஒரே நேரத்துல. நெஞ்சு நிமிரணும், முதுகு நேராகணும், கூன் விழக்கூடாது. அதுதான் குறிக்கோள்.

இதுல ஒண்ணைக் கவனிங்க. லிங் முறையில உடம்பை நீட்டுறதும் வளைக்கிறதும் வேற எதுக்கோ முன்னேற்பாடு இல்ல. அதுவேதான் பாடம். அதுக்கப்புறம் ஃபுட்பால் ஆடப் போறோம், அதுக்காகத் தசையைத் தயார் பண்ணுவோம்ங்கிற எண்ணமே அந்த அட்டவணையில கிடையாது.

இன்னொரு விஷயமும் சொல்லணும். மார்ட்டினா பெர்க்மன் ஆஸ்டர்பெர்க்னு ஒரு ஸ்வீடன் நாட்டு அம்மா. 1881ல் லண்டன் பள்ளி வாரியத்துல பெண் குழந்தைகள் பள்ளிக்கான மேற்பார்வையாளரா வேலைக்கு வந்தாங்க. 1885ல் பெண் உடற்பயிற்சி ஆசிரியைகளுக்குன்னே ஒரு கல்லூரி தொடங்கினாங்க. பொம்பளைப் பிள்ளைகள் கையைக் காலை வீசுறதே தப்புன்னு நினைச்ச காலத்துல, "இது மருத்துவம், இது அறிவியல்"னு சொல்லி அவங்களை மைதானத்துக்குக் கூட்டிட்டு வந்தது இந்த ஸ்வீடன் முறைதான். அதனால லிங்கை வெறும் 'வரிசை நிக்க வெச்ச ஆசாமி'ன்னு ஒதுக்கிடவும் முடியாது.

சரி, இது தாமிரபரணிக் கரைக்கு எப்படி வந்துச்சு?

பாளையங்கோட்டையைத் தென்னகத்தின் ஆக்ஸ்ஃபோர்டுன்னு சொல்றது உங்களுக்குத் தெரியும். ஆத்துக்கு இந்தப் பக்கம் மிஷன் பள்ளிகளும் கல்லூரிகளும் ஒண்ணு மேல ஒண்ணா எழும்பின ஊர். தூய யோவான் கல்லூரி, பெண்களுக்கான சாராள் தக்கர் கல்லூரி எல்லாம் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. தூய சவேரியார் கல்லூரி 1923. ஆத்துக்கு அந்தப் பக்கம் டவுன்ல ம.தி.தா. இந்துக் கல்லூரி, பாரதி படிச்ச பள்ளி. இங்கிலாந்துப் பள்ளிக்கூடத்தோட மணி, பீரியட், டைம்டேபிள் எல்லாம் வந்தப்போ டிரிலும் கூடவே வந்துருச்சு. சொல்லிக் கொடுக்க ஆள்? பல இடங்கள்ல பட்டாளத்துல இருந்து ஓய்வு பெற்று வந்தவங்கதான் டிரில் மாஸ்டர். அவங்களுக்குத் தெரிஞ்சதை அவங்க சொல்லிக் கொடுத்தாங்க. மீசையும் விசிலும் அங்க இருந்து வந்ததுதான்.

இந்தக் கதையில திருப்பம் 1920ல் வருது. ஹாரி குரோ பக்னு ஒரு அமெரிக்கர். ஒய்.எம்.சி.ஏ. சார்பா 1919ல் மதராசுக்கு வந்தவர், அடுத்த வருஷமே உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளி தொடங்கினார். இன்னைக்கு நந்தனத்துல இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளரும் பக்தான். 1943ல் சாகுற வரைக்கும் இதே வேலை. அங்கே படிச்சவங்க மதராஸ் மாகாணம் முழுக்கப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் போனாங்க. வாலிபால், பாஸ்கெட்பால் எல்லாம் நம்ம பக்கம் வேர் பிடிச்சதுல ஒய்.எம்.சி.ஏ.வுக்குப் பெரிய பங்கு உண்டு. அதாவது, டிரில் மட்டுமே இருந்த இடத்துக்குள்ள விளையாட்டு உள்ளே வந்துச்சு.

இங்கதான் நான் தேடின வரி மாட்டுச்சு. விளையாட்டு உள்ளே வந்தப்போ டிரிலை யாரும் தூக்கிப் போடல. அதை முன்னால தள்ளி வெச்சுட்டு, விளையாட்டைப் பின்னால ஒட்டினாங்க. இங்கிலாந்தோட 1933 பாடத்திட்டத்தைப் பார்த்தா இந்த ஒட்டு அப்படியே தெரியும். பாடம் ரெண்டு பகுதி. முதல் பகுதியில உடற்பயிற்சிகள், ரெண்டாம் பகுதியில விளையாட்டு. அதுலகூட முதல் பகுதி ஓட்டம், துள்ளல்னு சுறுசுறுப்பாத்தான் தொடங்கும். நம்ம ஊர்ல நாப்பது நிமிஷ பீரியடும் அறுபது பிள்ளைகளும் ஒரு வாத்தியாரும்னு ஆனப்போ, அந்தத் தொடக்க ஓட்டம் காணாமப் போச்சு. வரிசையும் நீட்டலும் மட்டும் மிச்சம். அப்புறம் அதுக்கு 'வார்ம் அப்'னு ஒரு புதுப் பேரும் ஒட்டிக்கிச்சு.

என் கணிப்பு இதுதான்: பி.டி. பீரியட் தொடக்கத்துல நாம செய்ற ஸ்ட்ரெச்சிங், ஒரு காலத்துல முழுப் பாடமா இருந்த ஒண்ணோட மிச்சம். உடம்பு கேட்டு அந்த இடத்துக்கு வந்தது இல்ல. பின்னால விளையாட்டு வந்து சேர்ந்ததால முன்னால நிக்குது, அவ்வளவுதான்.

"சரிடே, அப்போ டிரில் வர்றதுக்கு முன்னால நம்மாளுங்க என்ன பண்ணாங்க?"ன்னு கேட்பீங்க.

சிலம்பம் பழகினவங்களைக் கேளுங்க. கம்பை முதல் நாளே கையில கொடுத்துற மாட்டாங்க. வணக்கம், அப்புறம் காலடி. முன்னால ஒரு எட்டு, பின்னால ஒரு எட்டு, உட்கார்ந்து எழுந்து, திரும்பி. உடம்பு சூடேறுறது அந்தக் காலடியிலயேதான். தண்டால், பஸ்கின்னு எடுத்துக்கிட்டாலும் அதுல அசையாம நிக்கிறது கிடையாது. போறதும் வர்றதுமா முழுக்க அசைவு. கர்லாக்கட்டையும் அப்படித்தான். தோளைச் சுத்திச் சுத்தி விடுறப்போ மூட்டு தன்னால இளகும்.

கர்லாக்கட்டை கதை தனிப் பதிவுக்கு ஆகும். நம்ம நாட்டுல பார்த்துட்டு பிரிட்டிஷ் பட்டாளத்துக்காரங்க எடுத்துட்டுப் போனாங்க. 1834ல் டொனால்ட் வாக்கர் லண்டன்ல வெளியிட்ட உடற்பயிற்சிப் புத்தகத்துல அது 'இந்தியன் கிளப்'பா ஏறிருச்சு. 1904 செயின்ட் லூயிஸ், 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குகள்ல கர்லா சுத்துறது ஒரு பதக்கப் போட்டியாவே இருந்துச்சு! இங்க இருந்து போன சரக்கு, எண்ணெய் பூசி மினுக்கி, டிரில் சாமானா நம்ம பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்தது. நம்ம முந்திரி வெளிநாடு போய் டப்பாவுல திரும்பி வர்ற மாதிரி.

பொங்கலுக்குத் தென் மாவட்டங்கள்ல இளவட்டக்கல் தூக்குற ஊர்கள் இன்னும் இருக்கு. பணகுடி பக்கம் வடலிவிளை அதுக்குப் பேர் போனது. நான் பார்த்த வரைக்கும், கல்லைத் தூக்கப் போறவன் கீழ உட்கார்ந்து கால் கட்டை விரலைப் பிடிச்சு அரை நிமிஷம் இழுத்துக்கிட்டு இருந்தது கிடையாது. நாலு தடவை உட்கார்ந்து எழுந்துக்கிறான், கல்லை லேசா அசைச்சுப் பார்க்கிறான், தூக்கிர்றான். கபடியும் அப்படித்தான். தாமிரபரணிப் பாசனத்துக் கிராமமான மணத்தியில இருந்து கிளம்பி, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்கின இந்திய அணியில ஆடி, அர்ஜுனா விருதும் வாங்கினவர் மணத்தி கணேசன். 2025ல் மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன் காளமாடன்' அவர் வாழ்க்கையைத் தழுவினதுதான். அந்தப் படத்துல பி.டி. வாத்தியாருக்கு இருக்கிற இடத்தைப் பார்த்தவங்களுக்கு, ஒரு பள்ளிக்கூட பி.டி. பீரியட் ஒரு பையன் வாழ்க்கையில என்னவாகலாம்னு தனியா சொல்ல வேண்டாம்.

அப்போ நம்மகிட்ட அசையாம நீட்டிப் பிடிக்கிற பழக்கமே இல்லையான்னா, இருக்கு. யோகாசனம். அதுலயும் எங்க ஆத்தங்கரைக்கு ஒரு பங்கு இருக்கு, பெருமை அடிச்சுக்க விடுங்க. சேரன்மகாதேவிக்குப் பக்கத்துல பத்தமடை. பாய்க்குப் பேர் போன ஊர். 1887ல் அங்கே பிறந்த குப்புசாமிதான், மலேயாவுல டாக்டரா இருந்துட்டு, ரிஷிகேஷ் போய் சுவாமி சிவானந்தா ஆனவர். 1936ல் தெய்வ நெறிக் கழகம் தொடங்கினார். அவரோட சீடர் விஷ்ணுதேவானந்தா 1957ல் மேல்நாட்டுக்குப் போய், 1960ல் படங்களோட ஒரு யோகா புத்தகம் போட்டார். மேற்கு நாடுகள்ல ஆசனம் பரவினதுல அந்தப் புத்தகத்துக்குப் பெரிய இடம் உண்டு.

இப்போ அவங்க வகுப்போட வரிசையைப் பாருங்க. கொஞ்ச நேரம் படுத்து ஓய்வு, மூச்சுப் பயிற்சி, அப்புறம் சூரிய நமஸ்காரம் சுத்துச் சுத்தா. அதுக்கப்புறம்தான் ஒரு நிலையில நிறுத்திப் பிடிக்கிற ஆசனங்கள். கடைசியில சவாசனம். அசைவு முன்னால, நிறுத்திப் பிடிக்கிறது பின்னால. பத்தமடையில கோரையைத் தண்ணியில நல்லா ஊறப்போட்டுத்தான் பாய்க்கு எடுப்பாங்க. காய்ஞ்சதை வளைச்சா முறியும்னு அங்க சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மேற்கத்திய ஆராய்ச்சி இந்த இடத்துக்கு வந்து சேர்றதுக்கு ரொம்ப சுத்தி வந்துச்சு. 1960 வாக்குல அமெரிக்காவுல ஹெர்பர்ட் டி வ்ரீஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர். வெட்டி வெட்டிக் குனியிறதை விட, ஒரே நிலையில மெதுவா நீட்டிப் பிடிச்சாலும் அதே அளவு வளையும் தன்மை கிடைக்குது, ஆபத்தும் குறைவுன்னு காட்டினார். 1975ல் பாப் ஆண்டர்சன் மனைவி வரைஞ்ச படங்களோட 'ஸ்ட்ரெச்சிங்'னு ஒரு புத்தகத்தைச் சொந்தமா அச்சுப்போட்டு விட்டார். 1980ல் அது பெரிய அளவுல வெளிவந்து ஓட்டக்காரங்க வீடு முழுக்கப் பரவிருச்சு. "ஓடுறதுக்கு முன்னால நீட்டினா காயம் வராது"ங்கிறது வேதவாக்கு ஆனது இந்தக் காலத்துலதான். நம்ம டிரில் மிச்சத்துக்கும் ஒரு அறிவியல் சான்றிதழ் கிடைச்ச மாதிரி ஆச்சு.

அப்புறம் ஒருத்தர் பின்னால ஒருத்தரா அளந்து பார்க்க ஆரம்பிச்சாங்க.

1998ல் கொக்கோனனும் கூட்டாளிகளும் அளந்தப்போ, நீண்ட நேரம் நீட்டிப் பிடிச்ச உடனே தொடை தூக்குற அதிகபட்ச எடை ஏறக்குறைய 7–8 சதவீதம் குறைஞ்சுது. 2000ல் ஆஸ்திரேலிய ராணுவத்துல புதுசா சேர்ந்த 1538 பேரை வெச்சு ராட் போப் 12 வாரம் பார்த்தார். பாதிப் பேர் பயிற்சிக்கு முன்னால கால் தசைகளை நீட்டினாங்க, பாதிப் பேர் நீட்டல. காயம்பட்டதுல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. டிரிலோட தாய்வீடான பட்டாளத்துலயே இந்த முடிவு வந்ததை என்ன சொல்ல!

நம்ம கேள்விக்கு நேராப் பொருந்துறது 2005ல் வந்தது. ஃபைகன்பாம் குழு சராசரியா 11 வயசுள்ள 60 பிள்ளைகளைப் பார்த்தாங்க. அசையாம நீட்டிட்டுப் போன நாள்ல, அசைஞ்சு சூடேத்திக்கிட்டுப் போன நாளை விட, குதிக்கிற உயரமும் முன்னும் பின்னும் ஓடுற வேகமும் குறைஞ்சுது. நம்ம ஆறாம் வகுப்புப் பசங்க வயசு.

ஏன் அப்படி? தசையும் தசைநாணும் ஒரு ஸ்பிரிங் மாதிரி. ரொம்ப நேரம் இழுத்துப் பிடிச்சா கொஞ்ச நேரத்துக்கு அது தளர்ந்து நிக்கும். மூளையில இருந்து தசைக்கு வர்ற உத்தரவும் கொஞ்சம் மங்கும். அதுக்கு மாறா, லேசா ஓடினா தசைக்கு ரத்தம் போகும், சூடேறும், நரம்பு வேகமா வேலை செய்யும். நம்ம ஊர் மதிய வெயிலே போதாதான்னு கிண்டல் பண்ணாதீங்க. வெயில்ல வரிசையா நிக்கிறதும், தசை தானே வேலை செஞ்சு சூடாகிறதும் ஒண்ணு இல்ல.

இதோட கதை முடியல. "ஸ்ட்ரெச்சிங் விஷம்"னு கிளம்பினவங்களுக்கும் ஒரு குட்டு விழுந்துச்சு. 2012ல் கேயும் பிளாசெவிச்சும் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து, ஒரு தசைக்கு ஒரு நிமிஷத்துக்குக் கீழ நீட்டினா பெரிசா நஷ்டம் இல்லைன்னு சொன்னாங்க. 2016ல் டேவிட் பேம் குழுவோட தொகுப்பும் இதையே கொஞ்சம் நுணுக்கமா சொல்லுச்சு: நீட்டிப் பிடிச்சதும் அளந்தா செயல்திறன் சராசரியா 3.7 சதவீதம் குறைவு, அசைவோட நீட்டினா 1.3 சதவீதம் கூடுதல். பத்து செகண்டு குனிஞ்சு நிமிர்றதால ஒரு பிள்ளையும் கெட்டுப் போகாது. ஆனா அதால காயமெல்லாம் தடுக்கப்படும்னு நம்பி, சூடேத்துற வேலையை விட்டுட்டா அதுதான் நஷ்டம்.

கடைசியில செஞ்சா உடம்பு வலி வராதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கே? அதையும் ராப் ஹெர்பர்ட் குழு விடல. 2011ல் வந்த அவங்க தொகுப்பின்படி, முன்னால நீட்டினாலும் பின்னால நீட்டினாலும் மறுநாள் வலி குறையறது கண்ணுக்குத் தெரியாத அளவுதான். அப்போ கடைசியில எதுக்கு? வளையும் தன்மைக்கு. அது ஒரு நாள்ல வர்றது இல்ல. வாரத்துக்கு ரெண்டு மூணு நாள், சூடான தசையை, ஒவ்வொரு தடவையும் 10 முதல் 30 செகண்டுன்னு தொடர்ந்து செஞ்சா வரும். ஸ்பெயின்ல பள்ளிக்கூட பி.டி. வகுப்புகள்லயே இதைச் செஞ்சு பார்த்திருக்காங்க. வகுப்புக்குச் சில நிமிஷம் போதும், பின்தொடை நல்லா இளகுது. நிறுத்திட்டா, சில வாரத்துல கிடைச்சதுல ஒரு பகுதி திரும்பப் போயிருது. சைக்கிள் மாதிரி மறக்காத வித்தை இல்ல இது. செடிக்குத் தண்ணி ஊத்துற மாதிரி.

எட்டாம் வகுப்பு வாக்குல பசங்க திடீர்னு பனை மாதிரி வளர்றாங்க இல்லையா, அப்போ எலும்பு வேகமா நீளும், தசை கொஞ்சம் பின்தங்கும். முட்டிக்குக் கீழ வலின்னு நொண்டுற பிள்ளைகள் அந்த வயசுலதான் அதிகம். அவங்களை விறைச்ச காலோட "முட்டி மடங்கக் கூடாதுலே"ன்னு அதட்டிக் குனிய வைக்கிறதுல யாருக்கு என்ன லாபம்?

இப்போ நாப்பது நிமிஷத்துக்கு வருவோம். வகுப்புல இருந்து மைதானத்துக்கு வர அஞ்சு நிமிஷம், திரும்பப் போய் தண்ணி குடிச்சு உட்கார அஞ்சு. மிச்சம் முப்பது. அதுல பத்து நிமிஷம் வரிசைக்கும் நீட்டலுக்கும் போனா, மூணுல ஒரு பங்கு போச்சு. அதுவும் வாரத்துல ரெண்டு பீரியட் இருந்தா. பரீட்சை நெருங்கினா அதுல ஒண்ணைக் கணக்கு சார் வாங்கிக்குவார்.

நான் போடுற கணக்கு இப்படி. முதல் ஆறு ஏழு நிமிஷம் அசைவு மட்டும்: மெதுவா ஓட்டம், முட்டியைத் தூக்கி ஓட்டம், பக்கவாட்டு ஓட்டம், நீளமா ஒரு எட்டு வெச்சு முட்டி மடக்கி நடக்கிறது, காலை முன்னும் பின்னும் வீசுறது, தோளைச் சுத்துறது. அடுத்து விளையாட்டு. கடைசி நாலு நிமிஷம் நிழல்ல உட்கார்ந்து பின்தொடை, கெண்டைக்கால், தொடை முன்பக்கம், தோள்னு நீட்டிப் பிடிக்கிறது. மூச்சும் அடங்கும், வகுப்புக்குத் திரும்பவும் வசதி.

"அறுபது பிள்ளைகளை வரிசையில நிறுத்தாம எப்படிவே மேய்க்கிறது?"ன்னு எந்த பி.டி. வாத்தியாரும் கேட்பார். நியாயமான கேள்வி. வரிசை இருக்கட்டும், தப்பே இல்ல. இந்தக் கோட்டுல இருந்து அந்தக் கோடு வரைக்கும் வரிசை வரிசையா முட்டி தூக்கி நடந்து போகலாமே. ஒழுங்குக்கு ஒழுங்கும் ஆச்சு, சூட்டுக்கு சூடும் ஆச்சு. ஃபுட்பால்ல 2006ல் ஃபிஃபா உருவாக்கின '11 பிளஸ்' வார்ம் அப் கிட்டத்தட்ட இப்படித்தான்: ஓட்டம், பலம், சமநிலை, தாவல். அதுல அசையாம நீட்டிப் பிடிக்கிறதே இல்ல. 2008ல் நார்வேயில பெண் பிள்ளைகள் ஃபுட்பால் அணிகள்ல அதைச் சோதிச்சப்போ கடுமையான காயங்கள் குறைஞ்சுது.

பெண் பிள்ளைகள்னு சொன்னதும் மனசுல உறுத்துற ஒண்ணு. எங்க தலைமுறையில எத்தனை ஸ்கூல்ல வரிசை முடிஞ்சதும் பையன்களுக்கு மட்டும் பந்து கிடைச்சுது, பெண்கள் துப்பட்டாவுக்குப் பின் குத்திக்கிட்டு வேப்ப மரத்தடிக்குப் போனாங்க! அவங்களுக்குக் கிடைச்ச மொத்த உடற்பயிற்சியே அந்த முதல் பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷம் நின்ன இடத்துல நீட்டலா, ஓட்டமும் தாவலுமாங்கிறது அவங்களுக்குச் சின்ன விஷயம் இல்ல. ஆஸ்டர்பெர்க் அம்மா 140 வருஷத்துக்கு முன்னால அவங்களை மைதானத்துக்குக் கூட்டிட்டு வந்தாங்க. நாம அங்கேயே வரிசையில நிறுத்திட்டோம்.

இன்னொண்ணு. கேலோ இந்தியா உடற்தகுதிச் சோதனையில 9 வயசுக்கு மேல உட்கார்ந்து கையை நீட்டுற 'சிட் அண்ட் ரீச்' இருக்கு. அதாவது வளையும் தன்மைக்கு மார்க் போடுறோம். அது வளர்றதுக்கு வாரம் ரெண்டு தடவை, கடைசியில நாலு நிமிஷம் வேணும். பாடம் நடத்தாம பரீட்சை வைக்கிறது நமக்குப் புதுசா என்ன? :-(

பட்டாளம் போட்ட வரி, ஸ்வீடன்காரர் போட்ட அட்டவணை, அமெரிக்கர் ஒட்டின விளையாட்டு, எல்லாம் சேர்ந்து நம்ம பிள்ளைகளோட முப்பது நிமிஷத்துல உட்கார்ந்திருக்கு. போட்டவங்க எல்லாருக்கும் அவங்கவங்க காலத்துல ஒரு காரணம் இருந்துச்சு. அதை இடம் மாத்துறதுக்கு இன்னைக்கு நமக்கும் காரணம் இருக்கு. புதுக் கட்டடம் வேண்டாம், சாமான் வேண்டாம், பட்ஜெட் வேண்டாம். முன்னால இருக்கிறதைத் தூக்கிப் பின்னால வெச்சாப் போதும்.

உங்க ஸ்கூல்ல எப்படி மக்களே? ஓட்டம் முதல்லயா, குனியிறது முதல்லயா? உடற்கல்வி ஆசிரியரா இருக்கிறவங்க யாராவது வாசிச்சா, நான் போட்ட நிமிஷக் கணக்கு மைதானத்துல நடக்குமா நடக்காதான்னு பின்னூட்டத்துல ஒரு வரி சொல்லிட்டுப் போங்க. அடிச்சுத் திருத்தினாலும் சந்தோஷம்தான்.